சட்டையில் நனைந்த இடம்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நலம் என்று இந்த வாரம்தான் தைரியமாக எழுத முடிகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் லாண்டரியில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கும்போது இதைப் பேச வாய் வராது.

மூன்று மாதத்துக்கு முன் என் சட்டையில், இடது மார்பருகே, காசளவு ஈரம். இஸ்திரி போட்ட வியர்வை என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே இடம். அழுத்திப் பார்த்தால் பால்! சிரிக்காதே. ஐம்பத்திரண்டு வயது ஆம்பளைக்கு! கேன்சர்தான், நம் கதை முடிந்தது என்று வெலவெலத்துப் போனேன். இரண்டு பனியன் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன்.

பொறுக்க முடியாமல் ஒரு டாக்டரிடம் போனேன். போனவன் என்ன செய்தேன் தெரியுமா? வாய் கூசி, "மார்ல பால் கசியுது, என் வீட்டுக்காரிக்கு டாக்டர்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் சிரித்து, "நல்ல விஷயமாக்கூட இருக்கும்" என்று சொல்ல, வெளியே நின்ற நர்சம்மா கர்ப்பம் பார்க்கும் அட்டையைக் கையோடு கொடுத்தனுப்பினார்.

துணி தண்ணீருக்குள் போகுமுன் பையைத் துழாவுவது நம் தொழிலில் கைப்பழக்கம். உன் அண்ணி என் சட்டையையும் விடவில்லை. அட்டையை நீட்டி, "யாருக்கு இது?" என்று கேட்டாளே, அந்தப் பார்வை! பனியனைக் கழற்றிக் காட்டி உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் அழுதாள். அழுது முடித்து நன்றாகத் திட்டினாள். மறுநாள் ஷட்டரை இறக்கிவிட்டு வேறொரு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

பெண் டாக்டர். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எட்டு மாதமாக வயிற்று உப்புசத்துக்கு நானே வாங்கி விழுங்கிய மாத்திரையை அண்ணி பையிலிருந்து எடுத்து வைத்தாள். ரத்தமும் ஸ்கேனும் பார்த்தார்கள். கட்டி கிட்டி எதுவும் இல்லை. அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யுமாம். டாக்டர் நிறுத்தச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது, பனியன் காய்ந்தே இருக்கிறது. அந்த அம்மா நன்றாக இருக்கவேண்டும். உன் அண்ணிக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்றே தெரியவில்லை. செத்துப் பிழைத்திருக்கிறேன்.

இனி உன் விஷயம். அடுத்தவர் துணியில் பார்த்ததை உன் அண்ணி யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. நேற்றுச் சொன்னாள். போன மாதம் நீ வந்து தங்கிய மூன்று நாளும் உன் உள்ளாடையில் ரத்தம் இருந்ததாம். சத்தமில்லாமல் அலசிக் காயப்போட்டிருக்கிறாள். நீயோ எங்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய்.

மூல நோயாகத்தான் இருக்கும், பயப்படாதே. ஆனாலும் போய்க் காட்டு. ஒருவர் சொன்னது மனசுக்குச் சரிப்படாவிட்டால் இன்னொருவரிடம் காட்டு. அண்ணியைத் தப்பாக நினைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் போன் வராவிட்டால் நான் புறப்பட்டு வந்து உன் வாசலில் நிற்பேன். நீ நூறு வயசு இருக்கணும்டா.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கித் திரிந்த அண்ணன்