கறுப்பில் அடித்த கல்யாணப் பத்திரிகை

கட்டுகஸ்தோட்டை,
10-2-1974

என் அன்னத்துக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கண்டிக்கு ஓவியம் படிக்க வந்து ஒரு மாதம் ஆகிறது. வகுப்பில் தமிழ் பேச ஆளில்லை. பாடம் சிங்களத்தில். பாதி புரிகிறது, மீதிக்குத் தலையாட்டுகிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி, சித்தி றலியா என்ற முஸ்லிம் அம்மா, நல்லவர்தான். "சாப்பிட்டீங்களா புள்ள?" என்று கேட்பார். அதோடு என் அன்றைய தமிழ் முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் கிழமை ஒன்று நடந்தது. கறுப்புத் தாளில் எழுத்துகளை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டச் சொன்னார் ஆசிரியை. வண்ணம் சேர்த்தால் கண் ஏமாந்துபோகுமாம். நான் உன் பெயரை வெட்டினேன். நடுவில் நிற்கும் இரண்டு எழுத்துகளையும் தள்ளி வைத்தால் தெரியாதவர்கள்போல நிற்கின்றன, நெருக்கினால் இடித்துக்கொள்கின்றன. பொழுது சாயும்வரை நகர்த்திக்கொண்டே இருந்தேன். சரியான இடத்தில் அமர்ந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுத்துக்கும் உடம்பு இருக்கிறதடி! படம் வரைய வந்தவள் இப்போது பஸ் நிலையத்தில் நின்று பெயர்ப்பலகைகளையே பார்க்கிறேன். அடியில் நெருக்கி எழுதிய தமிழைக் கண்டால், அதற்கு மூச்சுவிட இடம் கொடுக்கத் தோன்றுகிறது.

உன்,
பெற்றீசியா

சிவமயம்

பதுளை,
3-3-1974

அன்புப் பெற்றி,

என்னைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறாய், அதில் சந்தோஷம் வேறு! இங்கே அப்பா, அம்மா, கடை எல்லாம் சுகம்.

இனி நீ தனியாகக் கிடக்க வேண்டாம். எனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை சேதுராமன், கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் பலசரக்குக் கடை. கெலிஓயா என்றதும் உன் முகம்தான் வந்தது. அவர் முகம் பிறகுதான் வந்தது, சொல்லிவிடாதே. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவாய்.

கல்யாணப் பத்திரிகையை நீதான் செய்ய வேண்டும். அப்பாவிடம் அடம்பிடித்துச் சம்மதம் வாங்கிவிட்டேன். கண்டியிலேயே அச்சடித்து அனுப்பு. முன்கூட்டிக் காட்டாதே, கட்டைப் பிரிக்கும்போது நான் திகைக்க வேண்டும்.

உன்,
அன்னலட்சுமி

கட்டுகஸ்தோட்டை,
7-4-1974

என் அன்னத்துக்கு,

பத்திரிகைக் கட்டு நாளை தபாலில் போகிறது. பூவும் வேண்டாம், குத்துவிளக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து, நாலு பக்கமும் மெல்லிய கறுப்புக் கோடு. நடுவில் உங்கள் இருவர் பெயரும், சுற்றிலும் தாராளமாக வெற்றிடமும். பிள்ளையார் சுழி அந்த வெற்றிடத்தைக் கெடுத்தது, எடுத்துவிட்டேன். பிள்ளையார் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆசிரியை ஒன்றை வகுப்புச் சுவரில் ஒட்டினார். அன்றைக்குத்தான் கூடப் படிக்கிற பெண்கள் முதல்தடவையாக என்னைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். உன் கல்யாணத்தால் எனக்கு வந்த மரியாதையைப் பார்!

கெலிஓயா போகிற பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்து வைத்துவிட்டேன்.

உன்,
பெற்றீசியா

சிவமயம்

பதுளை,
16-4-1974

பெற்றி,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கட்டு வந்த அன்று மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். சாமி முன்னால் வைத்துத்தான் பிரித்தோம். மூலையில் மஞ்சள் தடவ அம்மா விரலைக் கொண்டுபோனார், அங்கே கறுப்புக் கோடு. விரல் அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, "இது கருமாதிக் கார்டுல்ல? யாருக்குங்க அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அப்பாவால் தலை நிமிர முடியவில்லை.

உங்கள் வீடுகளில் கல்யாணக் கார்டு வெள்ளையாகத்தான் இருக்கும், நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. சிவப்பிலும் மஞ்சளிலும் வேறு அடித்துவிட்டார்கள். உன்னுடையதை அடுப்பில் போட்டார்கள். ஒன்றை மட்டும் சேலைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு நீ வராமல் இருப்பது நல்லது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்னலட்சுமி

சிவமயம்

கெலிஓயா,
22-9-1974

பெற்றி,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய். ஆவணியில் மாமனார் நெஞ்சுவலியில் போய்விட்டார். எல்லாம் அந்தக் கார்டு வந்த வேளை என்றார் மாமியார். அவருக்கு முன்பே சுகமில்லை என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

கருமாதிக் கார்டுக்கு மாதிரி தேடினார்கள். என்ன துணிச்சலோ, உன்னுடையதை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்து அதே போல அடித்தார்கள். அதே கோடு, அதே வெற்றிடம். எங்கள் பெயர் இருந்த இடத்தில் மாமனார் பெயர். வந்தவர்கள் எல்லாம் லட்சணமாக இருக்கிறது என்றார்கள். மாமியார் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். இனி மனம் மாறும் என்று நினைத்தேன். "அந்தப் புள்ளைக்கு நல்ல கை. ஆனா இந்த வாசப்படி மிதிக்க வேணாம்" என்றார்.

அந்தக் கருமாதிக் கார்டில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இனிக் கடிதமும் வேண்டாம் பெற்றி. தபால்காரர் கடையில்தான் கொடுக்கிறார்.

அன்னம்

கட்டுகஸ்தோட்டை,
6-10-1974

அன்னம்,

இது கடைசி. கடையில் யார் பிரித்தாலும் பரவாயில்லை, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

கார்டைப் பார்த்தேன். உன் மாமனார் பெயர் சரியான இடத்தில் நிற்கிறது. துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து கம்பளை பஸ்ஸில் ஏறினேன். கெலிஓயாவில் பஸ் நின்றது. நீ கல்லாவுக்குப் பின்னால் யாருக்கோ பருப்பு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். மெலிந்திருக்கிறாய். கையசைக்கவில்லை, இறங்கவுமில்லை.

உங்கள் கடைப் பெயர்ப்பலகையில் தமிழை மூலையில் போட்டு நசுக்கியிருக்கிறார்கள். என்றைக்காவது பலகையை மாற்றுவதானால் எழுதும் வேலையை எனக்குத் தா. யார் எழுதியது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். கொண்டுவந்து மாட்டவும் நான் வர மாட்டேன். பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
பெற்றி