மேரி அக்காவின் பெட்டியும் புதுச் சான்றிதழும்

நவ. 3, திங்கள்
காலை வெயில். மாலை வழக்கமான ஈப்போ மழை, இடி.
மேரி அக்காவின் குளிர் அறை அளவை எங்கள் சர்வருக்கு அனுப்பும் பெட்டிக்கு, அது போலியில்லை என்று காட்டும் இணையச் சான்றிதழை இங்கிருந்தே புதுப்பித்தேன். பழையது இந்த வாரம் காலாவதி. பெட்டிக்குள் இருக்கும் ரகசிய எண்ணான சாவியும் சான்றிதழும் பொருந்தின. பெட்டி குளிர் அளவை ஒழுங்காக அனுப்பியது. சின்ன வேலை என்ற திமிரில் டீ குடிக்கப் போனேன்.
மாலை முதலாளி தேவா அண்ணன் போன். “தம்பி, கோலா கங்சார்ல மேரி அக்கா பெட்டி செத்துப் போச்சுலா. என்னா பண்ணே?”
பார்க்கலாம் என்றால் வீட்டில் இணையம் இல்லை. அம்மா மோடம் ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறார். இடி இடித்தால் இந்த வீட்டில் எல்லாமே பிடுங்கப்படும். சண்டை போட்டேன்.

நவ. 4, செவ்வாய்
பெட்டி சொல்வது ஒரே வரி: சான்றிதழை நம்ப முடியவில்லை. ஏன் என்று சொல்லாது.
பார்த்தவை: சாவி, சரி. பெயர், சரி. அதற்கு உறுதி சொல்லும் இடைச் சான்றிதழ், சரி. என் லேப்டாப் நம்புகிறது, போன் நம்புகிறது. அதற்கு மட்டும் என்ன கேடு?
கோலா கங்சார் போனேன். பழைய ரப்பர் தோட்டத்து வீட்டு வரிசை. கடைசி வீட்டில் அக்காவின் தோசை மாவுத் தொழில். லேப்டாப்பைச் செருகி அதே சான்றிதழை மறுபடி ஏற்றினேன். உடனே பச்சை விளக்கு. ஏன் சரியானது என்று தெரியவில்லை, அதுதான் எரிச்சல்.
“சுப்பர்மார்க்கெட்டுக்காரன் போன் அடிச்சான் தம்பி. வெள்ளிக்கெழம அளவு ஒழுங்கா வரலன்னா இனிமே மாவே வேணாமாம்லா” என்றார் அக்கா. மாவு கட்டும் பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.
மாலை மழை. பெட்டி செத்தது.

நவ. 5, புதன்
புதுச் சாவியே உருவாக்கினேன், அதற்கு இன்னொரு சான்றிதழும். போனேன், ஏற்றினேன், பச்சை. வீடு வந்தேன், செத்தது. தலை வெடிக்கிறது.
தேவா அண்ணன்: “சான்றிதழ சரிபாக்கறதயே அடச்சுரு தம்பி. தோச மாவு எவ்ளோ குளிரா இருக்குன்னு எவன் திருடப் போறான்?”
திருட வேண்டாம். யார் வேண்டுமானாலும் பொய் அளவு அனுப்பலாம், கெட்ட மாவும் நல்ல மாவாகிவிடும். “நாளைக்கு ஒரு நாள் குடுங்கண்ணே” என்றேன்.
அம்மா வைத்த நெத்திலி சம்பலை அப்படியே மூடி வைத்தேன். அழுகை வந்தது.

நவ. 6, வியாழன்
மறுபடி அக்கா வீட்டில் ஏற்றி, பச்சை வந்த பிறகும் கிளம்பவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். வானம் கறுத்தது. முதல் இடி. மேரி அக்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டக்கென்று பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினார்.
“அக்கா! என்னாக்கா இது?”
“இடி இடிக்குதுலா. போன வருசம் டிவி எரிஞ்சுருச்சு. மழ விட்டோன மாட்டிருவேன்.”
“தெனமுமா?”
“இடி இடிச்சா பிடுங்குவேன். ஒங்க வீட்டுல பிடுங்க மாட்டாங்களா?”
பெட்டியில் கடிகார பேட்டரி இல்லை. ப்ளக் போனால் தேதி மறந்துவிடும். எழுந்ததும் தன்னைப் பொருத்திய போன வருடத்து நாள்தான் இன்று என்று நினைக்கும். பழைய சான்றிதழ் அன்றும் செல்லும். இந்த வாரம் பிறந்த புதுசு அன்று எப்படிச் செல்லும்? சரியான நேரத்தை எங்கள் சர்வரிடம் கேட்கலாம். ஆனால் சான்றிதழை நம்பினால்தான் பெட்டி சர்வரிடம் பேசும். நான் செருகும்போதெல்லாம் லேப்டாப் தேதியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. பாவம், சாவியை எப்படியெல்லாம் திட்டினேன்.

நவ. 7, வெள்ளி
காலையில் கடிகாரக் கடையில் காசு அளவு பேட்டரி வாங்கிக்கொண்டு கோலா கங்சார் போனேன். பெட்டிக்குள் அதற்கு இடம் காலியாகவே இருந்தது. “நாந்தான் வேணான்னு விட்டேன்” என்றார் தேவா அண்ணன் போனில், ஏதோ சாதனை மாதிரி.
நானே பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். பச்சை. ஆனால் செவ்வாயும் புதனும்கூடப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.
மாலை, வீடு. இடி. திரையில் அக்கா பெட்டியின் கோடு நின்றது. பிடுங்கிவிட்டார். மழை குறைகிறது, இப்போது மாட்டுவார், இப்போது... திரை காலி.
அம்மா, கையில் மோடம் வயருடன். “இன்னும் இடிக்குதுப்பா. போனயும் அடச்சுரு.”
அடைக்கவில்லை. அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. இடியில் அவரும் போனைத் தொட மாட்டார்.
மழை நின்றதும் அவரே அடித்தார்.
“தம்பி, மாட்டிட்டேன். பச்சையா எரியுது. சுப்பர்மார்க்கெட் லோரி வந்து மாவ ஏத்திக்கிட்டு இருக்காங்க. ஹலோ? தம்பி? அங்க என்னா சத்தம்?”
மோடம் ப்ளக்கை மாட்டினேன், திரையில் கோடு மறுபடி ஓடியது.