பதினாறாம் நம்பர் முள்

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் தூண்டில் முள்ளில் நூல் சுற்றி இரண்டு டஜன் நிம்ஃப் பூச்சி கட்டினேன். மதியம் ரேவின் வந்து, ஜன்னலோர மேசையில் எனக்கு எதிரே முள்ளைக் கவ்விப் பிடிக்கும் தன் வைஸை மாட்டிக்கொண்டு அவள் பங்குக்கு இரண்டு டஜன். மட்டௌரா ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. மீன்பிடி விடுதிக்கு வருகிறவர்கள் எல்லோரும் சின்ன நிம்ஃபாகத்தான் கேட்கிறார்கள். ஆற்றின் அடியில் ஊரும் குட்டிப் பூச்சி மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரவுட் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது.

ரேவின் என்னைக் கேட்காமல் புது முள் வாங்கி வந்திருக்கிறாள். கறுப்பு. எதிர்முள் இல்லை. கம்பி மெலிசு. நாங்கள் பதினொரு வருடமாகக் கட்டுவது வெண்கல நிறத்துப் பதினாறாம் நம்பரில்.

"சின்ன முள்ளுல பூச்சியோட உடம்பைச் சுத்தி முடிச்சா வாயே அடைஞ்சு போகுது, ஐல்சா. மீன் கவ்வும், குத்தாது. இதுல வாய் அகலம், பாரு."

"மூணு கிலோ மீன் ஒரு திரும்பு திரும்பினா இந்தக் கம்பி நேரா நிமிர்ந்துடும்."

"நிமிர்ந்தா என்னைக் கேளு."

வாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் உறுத்துகிறது. சரி என்று நானும் கறுப்பிலேயே கட்டினேன்.

ஜனவரி 18, வியாழன்

லாக்லன் வந்தான். விடுதியின் மீன்பிடி வழிகாட்டிகளில் அவன்தான் எங்கள் நிம்ஃபுகளை வாங்குகிறவன். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நிம்ஃபை எடுத்து மேசையில் வைத்தான். பாதிதான் இருந்தது. முள்ளின் தண்டு இருக்கிறது, வளைவைக் காணோம்.

"டென்மார்க்கிலிருந்து வந்தவர். ரெண்டு நாள் ஒரே மீனுக்காகக் குனிஞ்சு கிடந்தார். கவ்வுச்சு, ஓடுச்சு, டப்புனு போயிடுச்சு. நான் என்ன பதில் சொல்றது?"

"புது முள்ளுப்பா" என்றேன். ரேவினைப் பார்க்காமல்தான் சொன்னேன். ஆனால் அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ரேவின் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம். கொதிக்கிற கெட்டிலோடுகூடப் பேசுகிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ளவள் அப்படித்தானே பார்ப்பாள்?

ஜனவரி 23

இனிமேல் நிம்ஃப் பெட்டியை ரேவினே விடுதிக்குக் கொண்டுபோகிறாளாம். "நீ எதுக்கு அலையணும்?" — இத்தனை வருடம் அலையவில்லையா நான்?

ஜனவரி 30, செவ்வாய்

பெட்டியை வாங்கிக்கொண்டு போனவள் உடனே கிளம்பவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். காருக்குள் பெட்டியை மடியில் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டால் எச்சரிக்கையாகிவிடுவாள்.

ரேவினின் புருஷன், என் அண்ணன் டகல், இவளை விட்டுவிட்டு ஒருத்தியோடு குவீன்ஸ்லாந்து போனபோது, எங்கள் குடும்பத்தில் இவள் பக்கம் நின்றது நான் ஒருத்திதான். ஆறு வருடமாகிறது. டகலின் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இவளுக்காக. இதை எழுத வேண்டியதில்லை, எனக்குத் தெரியாததா? இருந்தும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய், விடுமுறை

சீஸ் ரோல் சுட்டேன். ரேவின் ஐந்து தின்றாள், சிரித்தாள், மகள் டனீடின் நகரத்தில் வீடு பார்ப்பதைப் பற்றிப் பேசினாள். நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் வேறு எதற்கோ போன் செய்த லாக்லன் பேச்சுவாக்கில் சொன்னான், போன வாரப் பெட்டியில் முப்பத்தொன்பது இருந்ததாம். நாங்கள் கட்டியது நாற்பத்தெட்டு. நானே எண்ணி வைத்தது.

ரேவினிடம் கேட்டேன்.

"அவன் தப்பா எண்ணியிருப்பான்."

கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. ரேவின் கழிவறையில் இருந்தாள். அவள் காரில் குடை இருக்கும் என்று போனேன். முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் சின்ன அறையைத் திறந்தால், இருமல் மிட்டாய் டப்பா ஒன்று. குலுக்கினேன். மிட்டாய்ச் சத்தம் இல்லை.

உள்ளே நிம்ஃபுகள். இருபத்திரண்டு. எல்லாம் நான் கட்டியவை. எனக்குத் தெரியாதா — நான் செப்புக் கம்பியை ஐந்து சுற்று சுற்றுவேன், அவள் நாலு. அதில் பாதிக்கு மேல் வளைவு ஒடிந்து கிடக்கிறது. மீன் கவ்வியது இல்லை, ஈரமே படாதவை. கையால் ஒடித்திருக்கிறாள்.

என் பூச்சியை ஒடிக்கிறாள். உட்கார்ந்து, ஒன்று ஒன்றாக, என் வீட்டு வாசலிலேயே.

ஏன்டி? அப்படி என்னடி செஞ்சேன் உனக்கு? லாக்லன் என்னை நிறுத்திட்டு உன் ஒருத்திகிட்ட மட்டும் வாங்கணுமா? கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நனைந்துகொண்டே உள்ளே வந்தேன். "குடை கிடைச்சுதா?" என்றாள். "இல்லை" என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

விடுதிக்குப் போய் லாக்லனிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மட்ட முள் வாங்கியது, என்னுடையதை ஒடிப்பது, எண்ணிக்கை குறைந்தது.

"ரேவினா?" என்றான். மறுபடி, "ரேவினா? நிச்சயமா தெரியுமா உங்களுக்கு?"

"கண்ணால பார்த்தேன்."

உண்மைதானே. கண்ணால்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரேவின் மேசையிலிருந்து தன் வைஸைக் கழற்றினாள். திருகு இறுகியிருந்தது. நான் உதவப் போகவில்லை.

"லாக்லன் போன் பண்ணான்" என்றாள். "இனிமே என்னோடது வேணாமாம்."

நான் அடுத்த முள்ளை எடுத்து என் வைஸில் மாட்டினேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம் நீ."

"கேட்டேன். தப்பா எண்ணியிருப்பான்னு சொன்ன."

முகம் சிவந்துபோனது. வாயைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வைஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பதில் இருந்தால் சொல்லியிருப்பாளே? இருக்காது.

மார்ச் 1

பழைய வெண்கல முள்ளுக்கே திரும்பிவிட்டேன். நான்கு டஜன், தனியாக. முதுகு போகிறது. ஆனால் எல்லாம் என் கை, என் முள், என் எண்ணிக்கை.

மார்ச் 6

வீடு அமைதியாக இருக்கிறது. வேலை நன்றாக ஓடுகிறது. கடையில் புதுச் சிப்பி வந்துவிட்டது, ஒரு டஜன் வாங்கினேன். தனியாக ஒரு டஜன் சிப்பி தின்ன முடியவில்லை.

மார்ச் 13, செவ்வாய்

லாக்லன். மறுபடி உட்காரவில்லை. உள்ளங்கையை விரித்தான், ஒடிந்த நிம்ஃபுகள். ஆறு.

"ஒரே வாரத்துல, ஐல்சா."

ஆறும் வெண்கலம். ஆறிலும் ஐந்து சுற்று. ஆறும் வளைவில்.

"முள் கம்பெனிக்காரன் ஏதோ மாத்திட்டான் போல" என்றேன்.

"இருக்கும்" என்றான். என் பக்கம் பார்க்காமல்.

மார்ச் 14, புதன்

கம்பெனிக்காரன் மேல் பழி போட்டுத் தூங்கியாயிற்று. காலையில் அது நிற்கவில்லை. 2011இல் வாங்கிய முள் பெட்டி அது. அதே பெட்டி முள்ளில் கட்டியவை ஏழு வருடம் ஒடியவில்லையே.

பெட்டியிலிருந்து பத்து முள் எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு தக்கையில் குத்தி, முள்ளின் காதில் நூல் கோத்து, குறடால் இழுத்தேன். கறுப்பிலும் பத்து. இருபதில் ஒன்றும் ஒடியவில்லை. கறுப்பு கொஞ்சம் வளைந்தது, விட்டதும் பழையபடி நின்றது. நல்ல முள். நான் சொன்னதைவிட நல்ல முள்.

பிறகு போன வாரம் கட்டி வைத்த என் நிம்ஃபுகளை இழுத்தேன். இரண்டாவது ஒடிந்தது. நான்காவது. ஐந்தாவது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வளைவில், வைஸின் தாடை கவ்விய இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

அக்டோபரிலிருந்து கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப் போகிறது. தாடையின் நெம்புகோலை விரலால் அழுத்தினால் போதுமா இல்லையா என்று தெரிவதில்லை. அதனால் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து முழு பலத்தோடு அழுத்துகிறேன். முள் நகர்ந்துவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம். சன்னமான எஃகு, எவ்வளவு தாங்கும்?

வைஸைக் கழற்றிய அன்று அவள் என் கையைப் பார்த்தாள். ஜனவரியில் ஜன்னல் வெளிச்சத்தில் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தது என் ஐந்து சுற்றை.

காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்திருக்கிறாள். ஒடிந்ததையும் சந்தேகமானதையும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்திருக்கிறாள். அவள் பார்த்த வாரங்களில் லாக்லன் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் அவளை விலக்கினேன், ஆறு ஒடிந்தது.

மார்ச் 15

லாக்லனிடம் முதலில் சொன்னேன். அவனிடம்தான் முதலில் பொய் சொன்னேன். பொய் இல்லை — ஆமாம், பொய்தான். கேட்டுவிட்டு லாக்லன் சொன்னான்:

"ரேவின் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே. நான்கூட ஒத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

மார்ச் 17, சனி

ரேவின் கதவை முழுதாகத் திறக்கவில்லை. வாசலிலேயே சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்தது எதுவும் வரவில்லை. "என் கைதான்" என்றேன். "என் கைதான் ரேவின்."

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? என் முள்ளு சரியில்லைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்த அப்போ." கொஞ்சம் நிறுத்தி, "பயம். உன் கை போயிடுச்சுன்னு முதல்ல சொல்றவ நானா இருக்க வேணாம்னு பார்த்தேன். ஏப்ரலோட பருவம் முடியட்டும்னு இருந்தேன். கோழைத்தனம்தான்."

"நான் செஞ்சது..."

"நீ செஞ்சது வேற. ரெண்டையும் ஒண்ணாக்காத." குரல் உயரவில்லை. "என்னைத் திருடின்னு ஊரான்கிட்ட போய்ச் சொன்ன. உங்க அண்ணன்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை, ஐல்சா."

கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை. அது இன்னும் மோசம்.

மார்ச் 27

லாக்லன் ரேவினிடமே திரும்பிவிட்டான். நல்லது. என் வைஸைத் துடைத்து எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்தேன். டாக்டர் கழுத்தில் நரம்பு அழுந்துகிறது என்கிறார். பயிற்சி கொடுத்திருக்கிறார். செய்கிறேன்.

ஏப்ரல் 12

கடையில் ரேவினைப் பார்த்தேன். தலையாட்டினாள். நானும்.

ஏப்ரல் 19

போனில் லாக்லன். ரேவின் கட்டியதில் ஒன்றுகூட ஒடியவில்லையாம். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

மே 3, வியாழன்

மீன்பிடிப் பருவம் முடிந்து மூன்று நாள். பத்து மணி வாக்கில் ரேவினின் கார். இறங்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த பருவத்துக்குப் பதினெட்டாம் நம்பர் முள் நூறு வாங்கியிருக்கிறாளாம். தபாலில் வந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் கொட்டினாள்.

"எனக்குக் கண்ணு பத்தலை. எதெது தேறாதுன்னு பொறுக்கிக் கொடு."

இடது கையில் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காது சரியாக மூடாதது இரண்டு. நுனி மழுங்கியது நான்கு. வளைவு கோணிய ஒன்று. மணி பதினொன்றாகிவிட்டது. அதற்குள் அவள் கோட்டைக் கழற்றியிருந்தாள், கெட்டிலை வைத்திருந்தாள், அதைத் திட்டிக்கொண்டும் இருந்தாள்.

ஏழையும் ஓரமாக ஒதுக்கி, "இதெல்லாம் ஆகாது" என்றேன்.

எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அப்படியே வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "பால் எங்க வெச்சிருக்க?" என்றாள்.