ஜிப்பின் காலில் சேறில்லை

1951 நவம்பர் 4, ஞாயிறு

இன்று எண்ணூரிலிருந்து உள்ளான் வந்தது. சின்னப் பறவைதான், ஆனால் மிளகு போட்டு வறுத்தால் தெருவே மூக்கைத் தூக்கும். எங்கள் தாய்நாய் பெல்லா செத்த பிறகு என் வீட்டுக்காரர் வேட்டைக்குப் போனது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள் நான். ஆனால் கூடப் போன அதன் குட்டி ஜிப்பின் காலைப் பார்த்துவிட்டேனே.

சேறு இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.

எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்வந்தால் அந்த இரண்டு நாய்களும் வயிறு வரைக்கும் கறுப்பாக வரும். காது மயிரெல்லாம் ஒட்டுப்புல். "உள்ளே வராதே" என்று கத்திக் கத்தியே என் தொண்டை கட்டும். இன்று கத்த ஒன்றுமில்லை. "தண்ணியில எறக்கல, கரையில நின்னே சுட்டேன்" என்கிறார். அப்படியென்றால் தண்ணீரில் விழுந்ததை யார் எடுத்தது? இவர் நீந்தினாரா?

நவம்பர் 6

மனசு அங்கேயே நிற்கிறது. எழுதினால் போகுமா பார்க்கிறேன்.

இந்த நாய்கள் லியோனார்டுடையவை. ஹார்பரில் இவரோடு கிரேன் ஓட்டிய ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர். சுதந்திரம் வந்த மறு வருஷம் சீமைக்குக் கப்பல் ஏறும்போது தாயையும் குட்டியையும் எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார். ஸ்பிரிங்கர் ஸ்பானியல் என்று பெயர். "காட்சிக்கு வளக்கற சாதி இல்ல, காத்தூன். வேலைக்கே பொறந்தது" என்று இவர் அன்றைக்குப் பூரித்துப் போனார். பூரிக்கக் காரணம் உண்டு. சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விவந்து உயிரோடு கையில் கொடுக்கும். பிஸ்மில்லா சொல்லி அறுக்க உயிர் வேண்டுமே. மற்ற நாய்கள் கொண்டுவருவது பிணம். அதை நாங்கள் தொட முடியாது.

நாய் இருக்கும் வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்று என் அம்மா வீட்டில் பிலாக்கணம். அதனால் கொல்லைப்புறத்தோடு சரி என்று சட்டம் போட்டேன். சட்டத்தை மீறுவது என் மகள் ஜெரினாதான்.

பெல்லாவைப் போன மாதம் எண்ணூரில் பாம்பு கடித்ததாம். அங்கேயே புதைத்துவிட்டாராம். ஜெரினா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். நானும் அடுப்படியில் அழுதேன். இந்த நோட்டைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

நவம்பர் 11, ஞாயிறு

மறுபடி உள்ளான். மறுபடி சுத்தமான கால்.

ஜெரினாவிடம் ஒரு தைல டப்பா உண்டு. கறியில் பல்லுக்கு அகப்படும் ஈயக் குண்டுகளைத் துடைத்து அதில் போட்டு வைப்பாள். கடுகு கனம்தான் இருக்கும். இன்று தட்டை வழித்துவிட்டு, "அத்தா, இந்த வாட்டியும் குண்டே வரல" என்றாள்.

"உங்கம்மா நல்லா கழுவியிருப்பா" என்றார்.

இறகு பிடுங்கியவள் நான். கழுத்தில் கத்தி பட்ட இடத்தைத் தவிர அந்தப் பறவைகளில் ஒரு காயம் கிடையாது. என்னை என்ன, பச்சைக் குழந்தை என்று நினைத்தாரா?

நவம்பர் 14

டீ கிளாஸைத் தட்டுக்கு வெளியே வைத்து உடைத்தார். காலையில் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார். யார் நினைப்பில் நடக்கிறார்?

நவம்பர் 18, ஞாயிறு

ஜிப் மேல் சோப்பு வாசனை. எங்கள் வீட்டுச் சோப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் அடிக்குமே, அந்தச் சிவப்புச் சோப்பு. நாயைக் குளிப்பாட்டி அனுப்புகிற அளவுக்கு இவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது.

எழுதிவிட்டேன்.

நவம்பர் 19

கேட்டேன். "இன்னா பேச்சு பேசறே நீ" என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

நவம்பர் 20

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா சுவர் ஓரமாகக் கூப்பிட்டாள். அவள் புருஷன் ஜெயவேல் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன். இவர் கிரேனின் கொக்கி இறங்குகிற இடத்தில்தான் அவனுக்கு வேலை.

"யக்கா, சொல்லலாமா வேணாமான்னு கீது. ஞாயித்துக்கெயம டோல்கேட்டாண்ட உங்க வூட்டுக்காரர பாத்தேன். வலை போட்டு குருவி புடிச்சி விக்கிறான் பாரு, அவனாண்ட உசுரோட வாங்கிகினு இருந்தாரு. தோள்ல துப்பாக்கி வேற."

"தெரியுமே, நான்தான் வாங்கச் சொன்னேன்" என்றேன். பொய் சொல்ல இந்த நாக்குக்கு யார் கற்றுக்கொடுத்தது?

டிசம்பர் 2, ஞாயிறு

துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தாலே முன்பெல்லாம் ஜிப் வாசலுக்கும் கொல்லைக்கும் குதியாய்க் குதிக்கும். இன்று எடுத்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. உடம்பெல்லாம் உதறல். அவர் அதைக் கெஞ்சி, கயிறு கட்டி, இழுத்துக்கொண்டு போனார். தெருவில் இறங்கியதும் நாய் அவருடைய இடது காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தது.

மாலையில் ஜெரினா அதற்குச் சீப்புப் போட்டாள். காதுக்குப் பின்னால் சீப்பு தட்டியது, நாய் வீறிட்டது. அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, ஜிப்புக்குள்ளயும் ஒரு குண்டு கீது."

நானும் தொட்டுப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்த நாயைத் தொட்டேன். தோலுக்கடியில் உருண்டது. கடுகு கனம்.

பாம்பு ஈயம் கக்குமா?

டிசம்பர் 3

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கதை வரும். ஜெரினாவையும் வாயை மூடச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 16, ஞாயிறு

கப்பல் வந்திருக்கிறது, இன்று வேலை உண்டு என்று ஹார்பருக்குப் போய்விட்டார். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நான் ஜிப்பின் கயிற்றைப் பிடித்தேன். "போ" என்றேன். "ஞாயித்துக்கிழமை எங்கே போவியோ அங்கே போ."

அது யோசிக்கவே இல்லை. கல்மண்டபம் தாண்டி, மீன் வண்டிகளுக்கு நடுவில் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், ஒரு பச்சைக் கேட் முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது. சொந்த வீடு மாதிரி.

கதவைத் திறந்தது எல்சி. லியோனார்டின் தங்கை. நர்ஸ். கவுனோடு, தலையில் நரையோடு. இவளா? என்னைவிடப் பெரியவள். வரும் வழியில் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த வசவெல்லாம் வாயில் நிற்க, அவள் முந்திக்கொண்டாள்.

"வந்துட்டியாம்மா. நல்லதாப் போச்சு. நீயாவது சொல்லு. அந்த மனுஷனைக் கிரேன்லருந்து எறங்கச் சொல்லு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொன்னாள். அன்றைக்கு எண்ணூரில் இடது பக்கமாகப் பறவை எழும்பியிருக்கிறது. இவர் திரும்பிச் சுட்டிருக்கிறார். அந்தப் பக்கம் பெல்லா இருந்தது இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சிதறினதில் ஒன்று ஜிப்புக்கு; அந்தக் காயத்தைச் சிவப்புச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது இவள்தான். ரத்தம் ஒழுக ஒழுகப் பெல்லாவைத் தூக்கிக்கொண்டு ரயில் பிடித்து இங்கேதான் ஓடி வந்தாராம், லியோனார்ட் வளர்த்த நாய், நர்ஸ் வீடு என்று. பிழைக்கவில்லை. கொல்லையில் கொய்யா மரத்தடியில்தான் கிடக்கிறது.

"கண்ணு முன்னாடி கைய ஆட்டிப் பாத்தேன். இடது கண்ணு சுத்தமாப் போயிட்டுது. உள்ள அழுத்தம். தெரிஞ்ச கண் டாக்டர் ஞாயித்துக்கிழமை வீட்டுல பாக்கறாரு, அதுக்குத்தான் வேட்டைன்னு சொல்லிட்டு வராரு. போனது போனதுதானாம். இன்னொண்ணையாவது காப்பாத்தலாம்னு சொட்டு மருந்து போட்டுகிட்டு இருக்கோம். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிகிட்டாரு." சத்தியத்தை உடைத்ததற்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பொம்பளை விஷயம் இல்லை, கண் விஷயம் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆமாம், சந்தோஷம். கொய்யா மரத்தடியில் நின்றபோதுதான் கொக்கியும், அதில் தொங்கும் மூட்டைகளும், அதற்குக் கீழே நிற்கிற ஜெயவேலும் நினைவுக்கு வந்தார்கள்.

டிசம்பர் 17

ஜெரினாவின் டப்பாவிலிருந்து ஒரு குண்டை எடுத்து, பலகாரத் தட்டுக்கு இடது பக்கம் வெள்ளைத் துணி மேல் வைத்தேன். தின்றார். டீ குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். நான் அந்தத் துணியை மெதுவாக வலது பக்கம் நகர்த்தினேன்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"எல்சி சொல்லிட்டாளா?"

"ஜிப்பு சொல்லிச்சு."

குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பிறகு, "நான் பாக்கவே இல்ல, காத்தூன். அது கத்தினப்புறம்தான் பாத்தேன். சாவற வரைக்கும் என் கைய நக்கிகினே இருந்திச்சி" என்றார். இவர் அழுது நான் பார்த்ததில்லை; இன்று பார்த்தேன்.

"நாளைக்குக் கீழே நிக்கறது ஜெயவேலு" என்றேன்.

"எறங்கிட்டா சோறு யாரு போடுவா? வேற இன்னா தெரியும் எனக்கு?"

நான் விடவில்லை. "எறங்கிடுங்க" என்றேன். "எறங்கிடுங்க."

டிசம்பர் 19

இன்றும் ஏறினார்.

டிசம்பர் 21, வெள்ளி

விடிந்ததும் சுவரோரம் போனேன். "கோவிந்தம்மா, இன்னைக்கு ஜெயவேலை வேலைக்கு அனுப்பாதே."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான். மனசு சரியில்லை."

மேலும் கீழும் பார்த்தாள். "யக்கா, நீ இன்னாவோ மறைக்கிறே. அவுரு எதுனா பண்ணாரா? எங்க மேல எதுனா காண்டா?" என்றாள். இத்தனை நாள் நான் இவரைப் பார்த்த பார்வை அது. அதைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெயவேல் வேலைக்குப் போனான். தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்றே எனக்கு நினைவில்லை. சாயங்காலம் அவன் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் திரும்பியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நாளைக்கு இவர் ஏறினால் கோவிந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். புருஷன் ஆனாலும் சரி.

டிசம்பர் 22

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதியமே வந்துவிட்டார். முகம் கழுவாமல் உட்கார்ந்தார்.

"ஜெயவேலு கீழருந்து கைய காட்டினான். எறக்குன்னானா, நிறுத்துன்னானா, தெரியல. நிறுத்திட்டேன். எறங்கிவந்து ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

நான் ஜிப்பை உள்ளே விட்டேன். நடு வீட்டுக்குள். அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. மலக்குகள் இன்று ஒரு நாள் மன்னிக்கட்டும்.

1952 ஜனவரி 12

ஷெட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்திருக்கிறார்கள். பாதிச் சம்பளம். துப்பாக்கியை லைசென்ஸோடு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். சொட்டு மருந்து இப்போது நான் போடுகிறேன். எல்சியைவிட என் கை மென்மை என்றார். எல்சியின் கை எவ்வளவு மென்மை என்று இவருக்கு எப்படித் தெரியும்? புத்தி எங்கே போகும்.

பிப்ரவரி 10, ஞாயிறு

"சும்மா பறவை பாத்துட்டு வரேன்" என்று காலையில் ஜிப்போடு எண்ணூர் ரயில் ஏறினார். வெறுங்கை. நானும் விட்டுவிட்டேன், ஆனால் திரும்பி வந்ததும் முதலில் நாயின் காலைத்தான் பார்த்தேன். பழக்கம்.

வயிறு வரைக்கும் கறுப்புச் சேறு. காதெல்லாம் ஒட்டுப்புல். அவர் முழங்காலிலும் சேறு, வேட்டியிலும் சேறு. கத்தவில்லை. குடத்தைத் தூக்கிவந்து அவருக்கு இடது பக்கமாக நின்று காலில் தண்ணீர் ஊற்றினேன்.

"யாரு, ஜெரினாவா?" என்றார்.

சுற்றிவந்து வலது பக்கம் நின்று ஊற்றினேன்.