பேட்டரிப் பெட்டிக்குப் போட்ட மாலை

செப். 30, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். காட்டூரில் இரண்டு தடவை கரண்ட் போனது. செல்போன் டவர் நிற்கவில்லை, பேட்டரி தாங்கியது.

சூப்பர்வைசர் வந்தார். வழக்கம்போல் நான் உள்ளே போய்விட்டேன். கதவு வழியே கேட்டது.

"இன்னொரு தடவை சைட் ஆஃப் ஆச்சுன்னா வேற வாட்ச்மேன் பார்த்துக்குவோம்ணே. மேல கேக்குறாங்க."

அப்பாதான் இங்கே வாட்ச்மேன். வேலை போனால் டவர் அடியில் இருக்கும் இந்த அறையும் போகும். அம்மா தில்லை நகர் ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வீடு திரும்ப இடம் வேண்டுமே.

வாங்க வேண்டியது: பொரி, கடலை, சாமந்தி, எலுமிச்சை. அம்மாவுக்கு நைட்டி.

அக். 2, வியாழன்

நேற்று எழுதவில்லை. இந்த நோட்டும் ஆயுத பூஜையில் இருந்தது. "பத்தாவதோட நின்னா என்ன, எழுதுறல்ல, வை" என்றார் அப்பா. பேட்டரிப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், கனமாக ஒரு சாமந்தி மாலை. "மறு பூஜை ஆகுற வரைக்கும் எதையும் தொடாத." இன்று காலையில் அம்மாவிடம் போய்விட்டார். மதியம் வந்து கற்பூரம் காட்டுவதாகப் பேச்சு.

நல்ல வெயில் ஏறியதும் பெட்டி கத்த ஆரம்பித்தது. எங்கள் ஃபேன் ஓடுகிறது, கரண்ட் இருக்கிறது. ஆனால் எப்போதும் 54 வோல்ட் காட்டும் டிஸ்ப்ளேயில் 49. இறங்கிக்கொண்டே. கரண்ட் ரொம்ப நேரம் போனால்தான் ஜெனரேட்டர் ஓடும், அதுவும் சும்மா நின்றது. அப்பா போன் எடுக்கவில்லை.

பெட்டிக் கதவில் டெக்னீஷியன் நம்பர். வெளி ஆளிடம் நான் பேசியதே இல்லை. வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். டவர் நின்றால் என் போனும் செத்துவிடும், அதற்குள் பேச வேண்டும்.

"யாரு? சத்தமா பேசும்மா, ஸ்ரீரங்கத்துல ஒரே கூட்டம்."

"காட்டூர் வாட்ச்மேன் பொண்ணுங்க. கரண்ட் இருக்குங்க. ஆனா பேட்டரி இறங்குதுங்க."

"பூஜை போட்டீங்களா?"

"ஆமாங்க."

"மாலை எங்க தொங்குது?"

பார்த்தேன். காற்று உள்ளே போகும் வலையை முழுசாக மூடியிருந்தது.

"அதான். சூடாகி, சார்ஜ் ஏத்துற ரெக்டிஃபையர் நின்னுடுச்சு. கரண்ட் வந்தாலும் பேட்டரிக்குப் போகாது. இங்க ஒரு சைட்லயும் காலையில இதே கூத்து. எடுத்துடு."

"மறு பூஜை ஆகலைங்க."

"சாமி காத்திருக்கும்மா. பேட்டரி காத்திருக்காது. நான் பாலம் தாண்டி வர்றதுக்குள்ள ஆஃப் ஆயிடும்."

நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன். இன்றைக்குப் போய் சாமி மாலையை நான் இழுப்பதா. 48. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். நார் அறுந்து பூ கொட்டியது. வலையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தேன். வெகு நேரம் 47. பிறகு உள்ளே ஃபேன் உறுமியது. 48. 50.

அப்பா வந்து நான் தட்டில் அள்ளி வைத்திருந்த பூவைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். கற்பூரம் ஏற்றினார். திட்டியிருந்தால் தேவலை.

அக். 3, வெள்ளி

மேகமூட்டம். அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அப்பா அங்கே. சைட்டுக்கு ஆள் வேண்டும், அதனால் நான் இங்கே. அந்த நார் அறுந்த சத்தம் காதிலேயே. பெட்டி முன்னால் போய்ப் போய் நிற்கிறேன். 54. போனைப் பார்க்கிறேன். சிக்னல் இருக்கிறது.

சூப்பர்வைசர் வந்தார். உள்ளே போகக் கால் எழுந்தது, போகவில்லை.

"நேத்து போன் பண்ணது நீயா? சைட் விழலை, தப்பிச்சோம். அடுத்த வருஷம் மாலையைக் கதவுக் கைப்பிடியில மாட்டச் சொல்லு அப்பாவ."

அடுத்த வருஷம் என்றார். அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு மேல் அப்பா போன். "வெளிய கொண்டாந்துட்டாங்க. முழிச்சிருக்கா. இந்தா, பேசு."

மூச்சுச் சத்தம் மட்டும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"லைன்ல இருக்கியாடி?"

"இருக்கேம்மா."