வலது காதுக்காரன்

மார்ச் 4, செவ்வாய்

இதில் எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது என்று முதலிலேயே என் மூக்கின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் சத்தியம் செய்யுமளவுக்குப் பெரிதாக இருக்கும் சொத்து அது ஒன்றுதான்.

செத்துப்போன என் மாப்பிள்ளை இன்று வேலைக்கு வந்தான்.

சரி. மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையாக எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இரண்டு மாடி. இரண்டு என்பது மேலே இருப்பவர்களின் கணக்கு. தினமும் இறங்குகிறவனைக் கேட்டால், பாதாளத்துக்கு முந்தின நிறுத்தம். போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. கொசு வந்தாலும் வழி கேட்டுத்தான் வர வேண்டும். அதனால் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை புருஷன், வீட்டிலேயே பாட்டுகளை டவுன்லோட் செய்து போனில் அடைத்துக்கொண்டு வருவான்.

இஸ்திரி ரோலருக்கு முன்னால் இரண்டு பேரும் தோளோடு தோள் நிற்போம். ஈரப் போர்வையின் இடது முனை என் கையில், வலது முனை அவன் கையில். போன் அவன் சட்டைப் பையில். ஒரே இயர்ஃபோன், இடது குமிழ் எனக்கு, வலது குமிழ் அவனுக்கு. மிச்சக் காது மெஷினுக்கு. “ஒரு காது எப்பவும் பெல்லுக்குத் திறந்திருக்கணும், இல்லன்னா ரோலர் கையைத் தின்னுடும்” என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. போர்வை அவன் பக்கம் கோணினால் வயரை இரண்டு முறை சுண்டி இழுப்பான். நான் பிடியைத் தளர்த்துவேன். இத்தனை வருஷமும் வேலை நேரத்தில் எங்களுக்குள் இருந்த பாஷை அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அவன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினாராம்.

அதிலிருந்து எனக்குத் தலையணை உறைதான் வேலை. அதற்கு ஒரு ஆள் போதும். அவன் போனைத் தங்கை என் பக்கம் தள்ளிவிட்டாள். “இந்த வீட்டுல இனிமே பாட்டு வேணாம்ணே. நீங்களே வெச்சுக்கங்க.” சிம் இல்லாத போன். யாரையும் கூப்பிட முடியாது, யாரும் கூப்பிட முடியாது. பாட்டு மட்டும் இருக்கிறது. இடது குமிழைக் காதில் மாட்டி, வலதைத் தொங்கவிட்டுக் கேட்கிறேன். இரண்டையும் மாட்டலாம் என்று தோன்றினதே இல்லை. அது அவன் காது.

இன்று ஆள் குறைச்சல். போர்வையை நான் ஒருத்தனே ரோலரில் விட வேண்டியதாயிற்று. பாதி போயிருக்கும். வயர் சுண்டியது. இரண்டு முறை.

திரும்பினேன். வலது பக்கம் போர்வை கோணியிருந்தது. ஆள் இல்லை.

அப்புறம் நடந்ததைக் கேள்: கூரை விளக்கெல்லாம் ஒன்றையொன்று பார்த்துக் கண்ணடித்தன. ரோலர் பின்பக்கமாகச் சுற்றி, இஸ்திரி போட்டதையெல்லாம் கசக்கித் திருப்பிக் கொடுத்தது. தொட்டியில் கிடந்த ஈரப் போர்வைகள் எழுந்து வரிசையில் நின்றன. நான் அஞ்சாமல் — சரி, கொஞ்சம் அஞ்சி — தொங்கிக்கொண்டிருந்த வலது குமிழை எடுத்து மறு காதில் வைத்தேன்.

உள்ளே மாப்பிள்ளை முனகிக்கொண்டிருந்தான்.

மார்ச் 5, புதன்

இன்றைய டீ முழுவதையும் சட்டைதான் குடித்தது.

மார்ச் 6, வியாழன்

மாப்பிள்ளையின் முனகலைப் பற்றி எழுதாவிட்டால் இந்தச் சரித்திரம் முழுமை பெறாது.

வீட்டில் அவன் ஷேவ் செய்யும்போது முனகுவான். சட்டைப் பொத்தான் போடும்போது முனகுவான். உலகத்தில் எந்தப் பாட்டிலும் சேராத முனகல். மூக்கிலிருந்து கிளம்பும், மேலே ஏறுவது போல் போக்குக் காட்டும், பாதியில் மனம் மாறி இறங்கி எங்கேயோ போய் உட்காரும். “அடைச்ச குழாயில காத்து போற மாதிரி இருக்கு, நிறுத்தித் தொலைங்க” என்பாள் தங்கை. அவன் முனகினால் பக்கத்துத் தெருவில் பால் திரிகிறது, பூனைகள் வீடு காலி செய்கின்றன என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவன் கோபித்ததே கிடையாது. “பாட்டுத்தான் மச்சான். நீங்களும் கேட்டதுதான்” என்பான். நாங்கள் இன்னும் சிரிப்போம்.

அதே முனகல்தான். அதே ஏற்றம், அதே மனமாற்றம். பாட்டுகளுக்கு அவனே பேர் வைத்திருக்கிறான்: ‘சூப்பர்வைசர் லீவு’, ‘ஒண்ணுமில்ல’, ‘மச்சான் தும்மினது’. நான் தும்மி ஒரு போர்வையே பாழான அன்றைக்கு ஓடின பாட்டாம். செவ்வாயன்று அதில்தான் வந்தான். இன்று மறுபடி போட்டேன்.

வந்தான்.

மார்ச் 8, சனி

தங்கை வீடு. சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்: “அண்ணே, அவர் முனகுவாரே... அது எப்படிப் போகும்?”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“காலையில எந்திரிச்சதும் நெனச்சுப் பாக்கறேன். ஆரம்பம் வர்ற மாதிரி இருக்கு, வழுக்கிட்டுப் போயிடுது. முகம் போட்டோல இருக்கு. சட்டையில வாசனைகூட இருக்கு. இது மட்டும் வரமாட்டேங்குதுண்ணே. திட்டித் திட்டியே விரட்டிட்டேனோ?”

நான் முனகிக் காட்ட வாயைத் திறந்தேன். பாடகர்தான் வந்தார். பாட்டின் வார்த்தை வருகிறது, அவன் வரவில்லை.

அப்போதுதான் என் பாழும் நாக்கு முந்திக்கொண்டது. “அவன் இந்தப் போனுக்குள்ளதாம்மா இருக்கான். கேளு” என்று ‘மச்சான் தும்மினது’ பாட்டைச் சத்தமாக வைத்தேன். பாடகர் பாடினார். கணீரென்று பாடினார். முனகல் இல்லை. திரும்ப வைத்தேன். இல்லை. போனைத் தட்டினேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையாண்ணே? செத்த மனுஷனை வெச்சா?”

“சத்தியமா—”

“உங்க சத்தியம் எனக்குத் தெரியாதா? பால் திரிஞ்ச சத்தியம்தானே அது? அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் போனைக் கொண்டாந்து குடுங்க. எல்லாத்தையும் அழிச்சு யாருக்காவது குடுத்துடறேன். அப்பத்தான் உங்க கதை அடங்கும்.”

மார்ச் 9, ஞாயிறு

வாழ்நாளெல்லாம் புலி வருது என்று கத்தினவன் வீட்டுக்கு ஒரு நாள் புலி நிஜமாகவே வந்து பாய் போட்டு உட்கார்ந்தால், அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

மார்ச் 11, செவ்வாய்

ஸ்பீக்கரில் வைத்தால் அவன் இல்லை. காதில் வைத்தால் இருக்கிறான். அந்த ஒரு பாட்டில் மட்டுமல்ல, ‘சூப்பர்வைசர் லீவு’விலும் இருக்கிறான். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நன்றாகவே கேட்கிறது. எனக்குத்தான் எங்கேயோ கழன்றுவிட்டதா?

ஏன்டா மாப்ளே, என்கிட்ட எதுக்குடா வர்றே? நான் உன்னைத் தேடினேனா? இல்ல, தேடினேன்தான் — ஆனா அவதானே உருகிட்டுக் கெடக்கா. அவகிட்டப் போயேன்டா. ஒரே ஒரு தடவை. என் தங்கச்சி காதுல முனகிட்டுப் போயேன்டா.

சலவைக்கூடத்தில் நின்று இப்படியெல்லாம் சத்தமாகப் பேசியிருக்கிறேன். மெஷின் இரைச்சல் மானத்தைக் காத்தது.

மார்ச் 13, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீதிபதி வந்தாள். தங்கை மகள்தான், கண்ணாடிக்கடையில் வேலை. பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னைக் குறுக்கு விசாரணை செய்வதால் நான் கொடுத்த பட்டம்.

“மாமா, கதை விடாம சொல்லுங்க. அம்மா சனிக்கிழமையிலேருந்து சரியாச் சாப்பிடல.”

சொன்னேன். விளக்கு கண்ணடித்ததைச் சொன்னபோது கையைக் காட்டி நிறுத்தினாள். “அதை விடுங்க. முனகல் எங்க கேட்டுச்சு?”

போனைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிப் பின்வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு குமிழையும் மாட்டிக் கேட்டாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு இடது குமிழைக் கழற்றினாள். அப்படியே இருந்தாள். பாட்டு முடியும்வரை இருந்தாள்.

“இதுல உங்களுது எது?”

“இடது.”

“எப்பவுமேவா? இதுக்கு முன்னாடி ரெண்டையும் சேத்துப் போட்டதே இல்லையா?”

“அது உங்கப்பன் காதுடி.”

அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். “மாமா, பழைய பாட்டு இது. அப்பல்லாம் ஒரு பக்கம் பாடறவரை வெச்சு, மறு பக்கம் வாத்தியத்தை வெச்சுப் பதிவு பண்ணுவாங்க. உங்க பக்கம் பாட்டு. அப்பா பக்கம் பிடில். ஸ்பீக்கர்ல வெச்சா ரெண்டும் கலந்துடும், பாடறவர் குரல்ல பிடில் அமுங்கிப் போயிடும்.”

வலது குமிழை என் காதில் வைத்து, இடதைக் கையால் பொத்திக்கொண்டாள். பாடகர் போய்விட்டார். கனத்த பிடில் ஒன்று, மூக்கால் முனகுவதுபோல், மேலே ஏறப் போக்குக் காட்டி, மனம் மாறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆக, இத்தனை வருஷமாக அவனுக்குப் பாடகர் கிடையாது. “என் பக்கம் ஆளே இல்ல மச்சான், வெறும் வாத்தியந்தான்” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்! காதைக் குடைந்து அழுக்கெடு என்றேன். அவன் காதில் விழுந்ததை அவன் வீட்டில் முனகினான். நாங்கள் உட்கார்ந்து சிரித்தோம்.

“அப்பா பாட்டைத்தான் பாடியிருக்காரு மாமா” என்றாள்.

“அப்போ அந்த வயர்?”

“ரோலர்ல மாட்டியிருக்கும்.”

“மாட்டியிருக்கும்” என்றேன்.

போகும்போது தீர்ப்புச் சொன்னாள்: “நான் சொன்னா, மாமா சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காருன்னு அம்மா சண்டைக்குக் கெளம்பிடுவாங்க. நீங்களே காதுல குடுங்க. ஆனா வாயைத் திறக்காதீங்க. திறந்தீங்க, கெட்டுது காரியம்.”

மார்ச் 15, சனி

நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருக்க இன்றே ஒத்திகை. காலை முழுதும் பேசவில்லை. மத்தியானம் சுவரிடம் கொஞ்சம் பேசிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மாடியில் தங்கை துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியில் ஒரு பெரிய போர்வை. பழக்கதோஷம், நான் போய் இடது முனையைப் பிடித்தேன். அவள் வலது முனையைப் பிடித்தாள்.

“கொண்டாந்தீங்களா?”

தலையாட்டினேன்.

“என்ன, வாய் பேசலையா? தொண்டை கட்டிக்கிச்சா? நல்லதாப் போச்சு.”

அதற்கும் தலையாட்டினேன். மலையைக் கயிறு கட்டி இழுத்தவனுக்குக்கூட இவ்வளவு வேர்த்திருக்காது. இடது குமிழை என் காதில் மாட்டினேன். வலதை அவளிடம் நீட்டினேன்.

“வேணாம்ணே.”

நீட்டியபடியே நின்றேன். அவள் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். நான் பேசாமல் நிற்பதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். வாங்கினாள். காதில் வைத்தாள். ‘மச்சான் தும்மினது’.

என் காதில் பாடகர் ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த போர்வை முனை மெதுவாகக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது.

“இது...” என்றாள். “அண்ணே, இதுதான். பொத்தான் போடறப்ப... இதுதாண்ணே.”

நான் பேசவில்லை.

“பாவி மனுஷன். பாட்டைத்தான் பாடினாரா? சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது?”

சொன்னானே. பாட்டுத்தான், நீங்களும் கேட்டதுதான் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னானே.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கூடவே முனகத் தொடங்கினாள். மூக்கால், கொடூரமாக, அவனைவிட மோசமாக. எனக்கு அடக்கமுடியவில்லை; என் பக்கத்து வார்த்தைகளை நான் பாடினேன். படியேறி வந்த நீதிபதி காதைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, பக்கத்து வீட்டுல போலீஸைக் கூப்பிடப் போறாங்க.”

பாட்டு முடிந்தது. தங்கை குமிழைக் கழற்றவில்லை.

“மறுபடி போடுங்க” என்றாள்.

மார்ச் 17, திங்கள்

போனை அவளே வைத்துக்கொண்டாள். அழிப்பதைப் பற்றிப் பேச்சில்லை. வயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். வேலையில் இரண்டு காதும் மெஷினுக்குத்தான்.

மார்ச் 24, திங்கள்

ரோலருக்கு வலது பக்கம் புது ஆள் போட்டிருக்கிறார்கள். போர்வை கோணினால் தொண்டை கிழியக் கத்துகிறான். நல்ல பையன்.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் தங்கை வீட்டு ஜன்னலைத் தாண்டினேன். சமையலறையிலிருந்து முனகல். உள்ளே நீதிபதியின் குரல்: “அம்மா, அடைச்ச குழாயில காத்து போற மாதிரி இருக்கு.”

“பாட்டுத்தான்டி. நீயும் கேட்டதுதான்.”

நிற்காமல் நடந்துவிட்டேன்.

பின்னாளில் யார் கையிலாவது இது சிக்கினால் ஒரு திருத்தம். விளக்குகள் கண்ணடித்தது பொய். ரோலர் பின்பக்கம் சுற்றினது பொய். போர்வைகள் எழுந்து நின்றது நல்ல பொய். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. வயர் ரோலரில் மாட்டியிருக்கும் என்று நீதிபதியிடம் ஒத்துக்கொண்டேனே, அதுவும் பொய்தான். போனைக் கொடுக்கும் முன்பு அதே இடத்தில் நின்று, குமிழைப் பிடித்து நீட்டி, எட்டுகிறதா என்று பார்த்தேன். ரோலருக்கு எட்டவில்லை. ஒரு முழம் குறைகிறது.

வயர் சுண்டியது. இரண்டு முறை. போர்வை கோணித்தான் இருந்தது.

அது மட்டும் நிஜம்.