வள்ளியூர் வண்டியா, அம்பை வண்டியா

நவம்பர் 8, சனி

விடியும்போதே தூறல். மாடியில் காயப்போட்டதை இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரம் போட்டாயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் இன்னும் நாற்பது பாக்கி.

ஜூனில் மாரடைப்பு வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. இன்று கேட்டார். இட்லியைப் பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல்.

"ஒரு பழைய வண்டி வாங்கலாம்னு பாக்கேன், ரஹ்மத்து. ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். சனி, ஞாயிறுல வச்சு பைய பைய சரி பண்ணுவேன்."

துபாயில் பத்தொன்பது வருஷம் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் இருந்தவர். இப்போது வண்ணார்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்த வேலை. ஆசைப்படுவது நியாயம்தான். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறாராம். ஒன்று வள்ளியூரில், ஒன்று அம்பாசமுத்திரத்தில், எங்கள் வாய்க்கு அம்பை.

"டாக்டர் என்ன சொன்னாரு, மச்சான்?"

"ஓட்டலாம், சின்ன வேலை பாக்கலாம்னு ஒன் முன்னாலதானே சொன்னாரு."

சொன்னார். 'இப்போதைக்கு' என்றும் சொன்னார். அது என் காதில் மட்டும் விழுந்திருக்கிறது.

என் பயங்கள், இங்கே தவிர வேறு எங்கே எழுத: வேகமாக ஓட்டுவார். கனம் தூக்குவார். ஜாக்கி நழுவும். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.

ஜூனில் பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன். நாலுவழிச் சாலை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டீரிங்கில் சாய்ந்துவிட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. துப்பட்டாவை வீசி வீசி லாரிகளை மறித்தேன். ஏழாவது லாரி நின்றது.

நவம்பர் 9, ஞாயிறு

வள்ளியூர். பஸ்ஸில். வீட்டில் எங்கள் சின்ன கார் சும்மாதான் நிற்கிறது. "மழையில ரோடு சரியில்ல" என்றார். சந்தோஷமாகச் சரி என்றேன்.

வண்டிக்காரர் கப்பலில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைக் கேட்க விட்டுப்போயிற்று, கப்பல் சார் என்றே வைத்துக்கொள்கிறேன். வண்டி சிவப்பு. இத்தாலிக்காரன் செய்ததாம். நாய் முன்னங்காலை நீட்டிப் படுத்த மாதிரி தாழ்வாக. சாவியைத் திருப்பினதும் கிளம்பிவிட்டது. அந்த உறுமலுக்கு நான் இரண்டடி பின்னால் போனேன்.

"ஓட்டிப் பாருங்க பாய்."

"தரை ஈரமா இருக்கு சார். நீங்க ஓட்டுங்க. எனக்கு எஞ்சின் சத்தத்தைக் கேக்கணும்."

இருவரும் போனார்கள். நான் வாசலில் நின்றேன். இருபத்திரண்டு நிமிஷம். எந்தப் பக்கம் போனார்கள் என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை. ஓர் ஆம்புலன்ஸ் சத்தம் வந்து, தேய்ந்து, போயிற்று.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் முகம் வெளிறியிருந்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரே மூச்சில். ஆசைதான் இப்படிப் பண்ணுகிறது என்று நினைத்தேன்.

"நூத்திப்பத்துல போனோம்லா" என்றார் கப்பல் சார், மருமகனைக் காட்டிப் பெருமை பேசுகிறவர் போல.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். ஆசிரியைகள் அறையில் யாரோ யாரிடமோ: "நல்லாத்தான் இருந்தாரு டீச்சர், ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தாரு." மேற்கொண்டு கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அவர் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன்.

வாங்க வேண்டியது: உப்பு, சீரகம், சிவப்பு மைப் பேனா, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இன்னொரு அட்டை (என் கைப்பைக்கு).

நவம்பர் 15, சனி

அம்பை. மறுபடி பஸ். சேரன்மகாதேவி தாண்டினதும் இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், மலை பாதி மேகத்துக்குள்.

அரிசி மில் அண்ணாச்சி ஒருவரின் கொட்டகை. தார்ப்பாய்க்கு அடியில் பச்சை வண்டி, ஜப்பான். மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலை பார்த்த அதிகாரி ஒருவர் விட்டுப்போனதாம். மேலெல்லாம் உமி. சீட்டுக்குள் எலி குடித்தனம். எஞ்சின் இறுகிக் கிடக்கிறது.

"ஓடாது பாய். பொய் சொல்லி ஒம்ம தலையில கட்ட மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. "பிரேக்கும் கெடையாது. ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்கும்."

என் வீட்டுக்காரர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். கால் இரண்டும் மட்டும் வெளியே. அண்ணாச்சி போன் பேசத் தள்ளிப் போனார். முதலில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இல்லை.

"மச்சான்." பதில் இல்லை. "மச்சான்." கால் அசையவில்லை. கணுக்காலைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

முகமெல்லாம் துரு, வாயில் டார்ச்சோடு வெளியே வந்தார். அதை எடுத்துவிட்டு, "வாயில இத வச்சுக்கிட்டு எப்படிளா பேச?" என்றார். சிரித்தார். ஜூனுக்கு அப்புறம் இன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் யோசனை. இது நிற்கிற வண்டி. எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கலாம். வள்ளியூர் வண்டி அவரை எங்கே கொண்டுபோகும் என்று யாருக்குத் தெரியும்.

நவம்பர் 16, ஞாயிறு

காகிதத்தில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதி வாசித்துக் காட்டினார். வள்ளியூர்: ஓடும், ஆர்.சி. உயிரோடு இருக்கிறது, கார்புரேட்டர் மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டும், தகரம் சுத்தம். அம்பை: ஓடாது, ஆர்.சி. காலாவதி, தரைத்தகடு முழுக்க வெட்டி ஒட்ட வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்.

"அப்போ வள்ளியூர்தான்" என்றார். "வார சனிக்கெழம நானே ஓட்டிக்கிட்டு வந்திருதேன்."

அதே நாலுவழிச் சாலை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், விரலையும் சேர்த்து.

நவம்பர் 18, செவ்வாய்

செய்துவிட்டேன்.

மதிய இடைவேளையில், சைக்கிள் ஷெட் பக்கம் நின்று கப்பல் சாருக்குப் போன். வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாக என் வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன்.

"இப்படிச் சொல்லிப் பழக்கமில்லம்மா எனக்கு."

"எனக்கும் இல்ல சார்."

"சரி" என்றார்.

ஏழாவது பீரியடில் கரும்பலகையில் ஒரு சுலபமான சமன்பாட்டைத் தப்பாகப் போட்டேன். முதல் பெஞ்சுப் பிள்ளைதான் திருத்தியது.

நவம்பர் 19, புதன்

காலையில் போன் வந்திருக்கிறது. சமையலறைக்கு வந்து, "வித்துட்டாராம்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தோள் குலுங்கியது.

கைப்பையைத் தேடி ஓடி மாத்திரையோடு வந்தேன். கையைத் தள்ளிவிட்டார்.

"நெஞ்சு வலியில்ல. நிம்மதி."

அப்புறம்தான் சொன்னார். ஜூனுக்கு அப்புறம் கார் சாவியைத் தொட்டாலே கை வேர்க்கிறதாம். தினமும் நான் பள்ளிக்கூடம் போனதும் எங்கள் காரில் போய் உட்கார்வாராம். உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுவாராம். வள்ளியூரில் அந்த இருபத்திரண்டு நிமிஷமும் கதவுப் பிடியை விடவில்லையாம்.

"பின்ன எதுக்கு அந்த வண்டியவே கேட்டிய?"

"அத ஓட்டிக்கிட்டு வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். வேண்டாம்னா, பயந்துட்டேன்னு நீ நெனைப்ப."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சாதம் குழைந்துவிடும் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். டீ கொடுத்துவிட்டு, நின்றபடியே.

டீ ஆறியது. "என்னைய நோயாளியாவே வச்சிருக்கணும்னு பாக்குதியா?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"நீங்க இருக்கணும்னு பாக்கேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நாள் முழுக்க போன் இல்லை. நானும் செய்யவில்லை.

நவம்பர் 22, சனி

இரண்டு நாள் பேச்சு இல்லை. உப்பு எங்கே, குடை எங்கே, அவ்வளவுதான். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு கப்பல் சாரிடம் பேசினார், என் பொய்க்கு மன்னிப்புக் கேட்டார்.

"வண்டி இங்கதான் நிக்கு பாய். வேணும்னா எடுத்துக்கிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் என்ன வருமோ.

"வேண்டாம் சார். அம்பை வண்டிய எடுக்கேன்."

வைத்த பிறகு சொன்னார்: "அது ஓடுறதுக்கு ரெண்டு வருசம் ஆவும். எனக்கும் ரெண்டு வருசம் வேணும்."

இரண்டு வருஷம். எவ்வளவு சர்வசாதாரணமாகச் சொல்கிறார். யார் வாக்குக் கொடுத்தார்கள். இருந்தாலும் நானும் மனசுக்குள் இரண்டு வருஷம் கூட்டிப் பார்த்தேன்.

நவம்பர் 29, சனி

காலையெல்லாம் பேய்மழை. பதினொரு மணிக்கு விட்டது. அம்பையிலிருந்து லாரி வந்து தெருமுனையில் நின்றுவிட்டது.

"உள்ள வராது பாய். கரண்டு கம்பி தாழ்வா கெடக்கு" என்றார் டிரைவர். பலகை வைத்து, பச்சை வண்டியைச் சரித்து இறக்கிவிட்டுப் போயே போய்விட்டார். மழைக்கு ஊரே கதவைச் சாத்தியிருந்தது. தள்ள ஆளில்லை. எங்கள் வீடு பதினாலு வீடு தள்ளி, லேசான ஏற்றம்.

அவர் தள்ளப் போகிறார் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன்.

"தள்ளல. கயிறு கட்டி இழுப்போம்."

"எத வச்சு?"

வீட்டுக்கு நடந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கள் சின்ன கார் கிளம்புகிற சத்தம். அணைந்தது. மறுபடி கிளம்பியது. பின்பக்கமாகவே, நடக்கிற வேகத்தில், தெரு நீளத்துக்கும் வந்தது. இறங்கினபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மழையில்லை, வேர்வை.

கயிற்றைக் கட்டினார். பச்சை வண்டியின் கதவைத் திறந்தார்.

"ஏறு. ஸ்டீரிங்க நேரா புடிச்சா போதும். நான் வெளிய கையக் காட்டினா ஹேண்ட் பிரேக்க இழு."

"எனக்குத் தெரியாது மச்சான்."

"எனக்கும் கை நடுங்குது. ஏறு."

ஏறினேன். எலிப் புழுக்கை நாற்றம். ஸ்டீரிங் இவ்வளவு கனக்கும் என்று யாரும் சொன்னதில்லை. கயிறு விறைத்தது. நகர்ந்தோம். முன்னால் அவர் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது சாய்ந்துவிடக் கூடாது, சாய்ந்துவிடக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு போனேன். பத்து வீடு. பதினொன்று. எங்கள் வாசல் வேப்பமரம்.

ஜன்னலிலிருந்து கை வெளியே வந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன்.

நின்றது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.